இரண்டாயிரம் உழவர்களும் ஓர் ஈட்டியும்: டி அண்ட் டியில் விதிக்கும் கற்பனைக்கும் என்ன தகராறு?

ஆளுக்கொரு வேடம் ஏற்று மேசையில் ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) விளையாட்டை நடத்துபவருக்காக 2024 நவம்பரில் வெளிவந்த புதிய வழிகாட்டி நூலில் ஒரு விசித்திரமான எச்சரிக்கை இருக்கிறது. சாதாரண மனிதர்களை வரிசையாக நிறுத்தி, ஓர் ஈட்டியைக் கைமாற்றிக் கைமாற்றியே ஒளியின் வேகத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று ஆட்டக்காரர்கள் வாதாடினால் ஒத்துக்கொள்ள வேண்டாம் என்கிறது நூல். விதிகள் ஆட்டம் சுவையாக நடப்பதற்காக எழுதப்பட்டவை, அந்த உலகத்தின் இயற்பியலைச் சொல்வதற்காக எழுதப்பட்டவை அல்ல என்பது அது தரும் காரணம்.

இந்த விளையாட்டை ஆடிப் பார்க்காதவர்களுக்கு இது தலையும் புரியாது, வாலும் புரியாது. புதிதாக ஆட வந்தவர்களுக்கோ வேறு குழப்பம்: எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம் என்று சொல்லித்தானே கூப்பிட்டார்கள், இப்போது இதைச் செய்யாதே என்று புத்தகமே சொல்கிறதே? இரண்டு குழப்பத்துக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு முதலில் ஆட்டம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம்.

ஆட்டத்தின் அடிப்படை

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர். அவர்களில் ஒருவர் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். உலகம், அதிலுள்ள எதிரிகள், ஊர்க்காரர்கள், வானிலை எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒரு செயல் நடக்கும் விதம் இதுதான்:

1. டிஎம் சூழலைச் சொல்கிறார். ஆட்டக்காரர் தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்கிறார்.
2. முடிவு சந்தேகமாக இருந்தால் மட்டும் டிஎம் ஓர் இலக்கு எண் வைக்கிறார். இப்போதைய விதிப்படி 10 என்றால் எளிது, 15 நடுத்தரம், 20 கடினம், 30 கிட்டத்தட்ட நடக்காத காரியம்.
3. ஆட்டக்காரர் 20 முகப் பகடையை உருட்டி, அதோடு பாத்திரத்தின் திறன் எண்ணைக் கூட்டுகிறார். இலக்கைத் தொட்டாலோ தாண்டினாலோ வெற்றி.

சதுரங்கத்தில் குதிரை பலகையை விட்டு வெளியே ஓட முடியாது. விதியில் இல்லாதது ஆட்டத்திலேயே இல்லை. இங்கே விதியில் இல்லாததுதான் பாதி ஆட்டம். கதவை உடைக்கலாம், காவலாளிக்கு லஞ்சம் கொடுக்கலாம், சுவரைச் சுற்றிப் போய்க் கூரை ஓட்டைப் பிரிக்கலாம். புத்தகத்தில் எழுதியிருப்பது விதி. புத்தகம் பேசாத இடத்தில் டிஎம் அந்த நேரத்துக்கு எடுக்கும் முடிவு தீர்ப்பு. தகராறு எப்போதும் இந்த இரண்டும் உரசிக்கொள்ளும் இடத்தில்தான் வருகிறது.

ஈட்டிக் கணக்கு

வழிகாட்டி நூல் எச்சரிக்கும் அந்தத் தந்திரத்துக்கு ஆட்டக்காரர்களிடையே 'பெசன்ட் ரயில்கன்' என்று பெயர். உழவர்களை வைத்துச் செய்யும் பீரங்கி. இதில் சேரும் மூன்று விதிகளும் உண்மையானவை:

1. சண்டை ஆறு நொடிச் சுற்றுகளாக நடக்கும். ஒரு சுற்றுக்குள் எல்லோருக்கும் ஒரு முறை வரும்.
2. "இன்னது நடந்தால் நான் இதைச் செய்வேன்" என்று ஒரு செயலை முன்கூட்டியே தயார் நிலையில் வைத்துக்கொள்ளலாம்.
3. சண்டைக்களத்தில் ஒரு மனிதருக்கு ஐந்தடி இடம்.

இரண்டாயிரம் உழவர்களை வரிசையாக நிறுத்துங்கள். பக்கத்து ஆள் ஈட்டியை நீட்டினால் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பேன் என்று ஒவ்வொருவரும் தயாராக இருக்கட்டும். ஈட்டி 10,000 அடி, அதாவது ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், ஒரே சுற்றுக்குள் போய்விடும். ஆறு நொடியில் மூன்று கிலோமீட்டர் என்றால் நொடிக்குச் சுமார் 500 மீட்டர், ஒலியைவிட வேகம். உழவர்களைக் கூட்டினால் வேகமும் கூடும். இந்த வேகத்தில் வரும் ஈட்டி டிராகனைத் துளைத்து மறுபக்கம் போகாதா என்பது வாதம்.

ஓட்டை எங்கே என்றால், வேகத்தை விதியிலிருந்து எடுக்கிறார்கள், சேதத்தை இயற்பியலிலிருந்து எடுக்கிறார்கள். இயற்பியல்தான் வேண்டும் என்றால் ஒரு கை மாற ஒரு நொடியாவது ஆகும். ஈட்டி கடைசி ஆளிடம் போய்ச் சேர அரை மணி நேரத்துக்கு மேல். விதிதான் வேண்டும் என்றால் ஈட்டி எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் கடைசி உழவர் அதை எறியத்தான் வேண்டும். எறிந்த ஈட்டிக்கு ஓர் ஆறு முகப் பகடை அளவு சேதம்தான். இரண்டில் எதை முழுதாகப் பிடித்தாலும் பீரங்கி புஸ்ஸென்று போய்விடுகிறது. வசதிக்கு ஏற்ப நடுவழியில் தாவினால் மட்டுமே அது வெடிக்கும்.

இதை நிஜமாக மேசையில் கொண்டுவருபவர்கள் குறைவு. பெரும்பாலும் சிரிப்பதற்காகச் சொல்லப்படும் கணக்கு. ஆனாலும் நல்ல சோதனைக் கணக்கு. கற்பனை என்ற பெயரில் வருவது எல்லாமே ஒரே சரக்கு இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

150 வருடத் தகராறு

விதியா, தீர்ப்பா என்ற கேள்வி இந்த விளையாட்டைவிடப் பழையது. 1824இல் பிரஷ்ய ராணுவ அதிகாரியான ரைஸ்விட்ஸ், அதிகாரிகளைப் பழக்குவதற்காகக் கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர் விளையாட்டை முன்வைத்தார். வரைபடம், சிறு கட்டைகள், பகடை, சேத அட்டவணை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நடுவர். காலப்போக்கில் அட்டவணைகள் பெருகி, ஆட்டம் ஆமை வேகத்தில் நகர்ந்தது. 1876இல் வெர்டி டு வெர்னாய் என்ற அதிகாரி அட்டவணைகளையே தூக்கிப் போடச் சொன்னார்: அனுபவமுள்ள நடுவர் தன் அறிவால் முடிவு சொல்லட்டும், போதும். தளர்விதி ஆட்டம், கடுவிதி ஆட்டம் என்று அன்றே இரண்டு கட்சி.

அமெரிக்காவில் 1880இல் சார்ல்ஸ் டாட்டன் என்ற ராணுவ அதிகாரி எழுதிய ஸ்ட்ராடெகோஸ் என்ற போர் விளையாட்டு நூல், ஆட்டக்காரர் எதையும் முயலலாம், நடக்குமா என்பதை நடுவர் தீர்மானிப்பார் என்ற எண்ணத்தைக் கொண்டிருந்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரத்தில் போர் விளையாட்டு ஆடிய டேவிட் வெஸ்லி கையில் அந்த நூல் கிடைத்தது. 1969இல் அவர் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊரை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். ஆளுக்கு ஒரு படைக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு வேடம்: மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று. போர் தொடங்குவதற்குள் ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்ளேயே பேரம், சதி என்று இறங்கிவிட்டார்கள். இரண்டு பேர் ஒண்டிக்கு ஒண்டி மோத வேண்டும் என்றார்கள். அதற்கு விதியே கிடையாது; வெஸ்லி அங்கேயே நின்றபடி ஒன்றை உருவாக்கினார். ஆட்டம் கெட்டுப்போனது என்று அவர் நினைத்தார். ஆடியவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள்.

அவர்களில் ஒருவர் டேவ் ஆர்ன்சன். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974இல் டி அண்ட் டியை மூன்று சிறு கையேடுகளாக வெளியிட்டார்கள். அந்தக் கையேடுகள் விட்ட இடைவெளி ஏராளம்; மீதியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள் என்பதுபோலத்தான் அவை முடிந்தன.

அடுத்த வருடமே ஒரு திருப்பம். 1975இல் வந்த துணைநூல் 'திருடன்' என்ற பாத்திர வகையைச் சேர்த்தது. சுவர் ஏறுவது, பொறியைச் செயலிழக்கச் செய்வது, ஒளிந்து நடப்பது, ஒவ்வொன்றுக்கும் இத்தனை சதவீதம் என்று அட்டவணை. அதுவரை இந்த வேலைகளை யார் வேண்டுமானாலும் செய்தார்கள்: தரையைக் கழியால் தட்டிப் பார்ப்பேன், தண்ணீர் ஊற்றி விரிசல் தெரிகிறதா பார்ப்பேன் என்று சொன்னால் போதும். அட்டவணை வந்ததும் "நீ திருடன் இல்லையே, உனக்கு எப்படி முடியும்?" என்ற கேள்வி பிறந்தது. ஒருவருக்குக் கொடுத்த எழுத்துப்பூர்வ அனுமதி மற்றவர்களிடமிருந்து எழுதப்படாத அனுமதியைப் பறித்துக்கொண்டது. விதி கூடினால் வசதியும் கூடும் என்று நினைப்பவர்கள் மறந்துவிடுகிற விஷயம் இது.

விதிகள் பெருகியதற்கு நியாயமான காரணமும் இருந்தது. ஆட்டக்காரர்கள் கூடும் மாநாடுகளில் போட்டி ஆட்டங்கள் நடந்தன. பத்து மேசையில் பத்து டிஎம், பத்து விதமாகத் தீர்ப்புச் சொன்னால் யார் ஜெயித்தார் என்று எப்படிச் சொல்வது? 1977 முதல் 1979 வரை வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி நூல்களில் கைகாக்ஸ் ஒரே சீரான விதியை வலியுறுத்தியதற்குப் பின்னால் இதுவும் உண்டு.

ஆலைக்குள் மாவு மூட்டை

சரி, விதியில் இல்லாத ஒன்றுக்கு நல்ல தீர்ப்பு எப்படி இருக்கும்? ஒரு கற்பனைச் சூழலை எடுத்துக்கொள்வோம். பழைய மாவு ஆலை. கீழ்த்தளத்தில் நான்கு கொள்ளையர்கள். ஆட்டக்காரரின் பாத்திரம் மேல்தளத்தில், கையில் தீப்பந்தம்.

"மாவு மூட்டையைக் கிழிச்சு அப்படியே கீழே கொட்டறேன். தூசி பரவினதும் பந்தத்தைப் போடறேன்."

"போடலாம்டா. ஆனா நீயும் அதே கூரைக்குக் கீழதான் இருக்க. வெடிச்சா உன்னையும் விடாது. செய்றியா?"

இப்படிக் கேட்பதற்குள் டிஎம் மனதில் ஓட வேண்டியவை:

1. நடக்கக்கூடியதா? ஆம். காற்றில் பரவிய நுண்தூசி, மூடிய இடம், நெருப்பு மூன்றும் சேர்ந்தால் மாவும் வெடிமருந்துதான். 1878இல் வாஷ்பர்ன் ஆலை இப்படி வெடித்து 18 பேர் இறந்தார்கள். அது நடந்தது மினியாபொலிஸில், ஆர்ன்சனின் ஊர்ப்பக்கம்தான்.

2. எவ்வளவு சேதம்? 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் வழிகாட்டி நூலில் இதற்கென்றே ஓர் அட்டவணை உண்டு. தீக்குழியில் தடுக்கி விழுந்தால் இரண்டு 10 முகப் பகடை. இடியும் சுரங்கத்தின் இடிபாடு மேலே விழுந்தால் நான்கு. இரண்டு பகடையின் சராசரி 11. அந்தப் பதிப்பில் சாதாரணக் கொள்ளையரின் உயிர்ப்புள்ளியும் (சேதத்தால் குறைந்து பூஜ்யமானால் ஆள் விழுவார்) 11தான். தப்பத் தவறியவர் விழுந்துவிட 55 சதவீத வாய்ப்பு. நான்கு பகடை என்றால் அநேகமாக எல்லோரும் காலி, ஆலையும் காலி.

3. எதோடு ஒப்பிடுவது? முதல் நிலை மந்திரமான பர்னிங் ஹேண்ட்ஸின் சராசரிச் சேதம் 10.5. மூன்றாம் நிலை ஃபயர்பால் 28. மாவு மூட்டை முதலாவதை எட்டலாம், கொஞ்சம் தாண்டவும் செய்யலாம். ஃபயர்பாலையே மிஞ்சினால் மந்திரவாதி வேடம் போட்டவர் முகம் வாடும். வாடுவதில் நியாயமும் உண்டு.

4. விலை என்ன? இதுதான் முக்கியம். பகடையை உருட்டுவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். உருட்டிய பிறகு "நீயும் எரிந்துபோனாய்" என்றால் அது தீர்ப்பு இல்லை, பொறி.

நான் நடத்தினால் நான்கு பகடையே கொடுப்பேன். ஆலை எரிந்துபோகும், உள்ளே பதுக்கியிருந்த தானியமும் போகும், நாளைக்கு ஊர்க்காரர்கள் வந்து கேட்பார்கள். சேதம் பெரிதாக இருப்பதில் தவறில்லை, விளைவும் அதே அளவு பெரிதாக இருந்தால்.

இரண்டாவது மூட்டை

உண்மையான சிக்கல் அடுத்த வாரம் வரும். அதே ஆட்டக்காரர் தோளில் மூன்று மாவு மூட்டையோடு வருவார். திறந்த வயல்வெளியில் ஓர் அரக்கன் நிற்கிறான்; "மூட்டையைக் கிழிக்கிறேன்" என்பார்.

மேசையில் சொன்ன எந்தத் தீர்ப்பும் அடுத்த முறைக்கு முன்னுதாரணம். அதனால் "இது புத்திசாலித்தனமா?" என்று கேட்பதைவிட, "இது இந்த இடத்தைச் சார்ந்ததா, எங்கும் செல்லுமா?" என்று கேட்பது டிஎம்முக்கு உதவும். ஆலையில் மாவு வெடித்தது அது ஆலை என்பதால். மூடிய அறை, ஏற்கெனவே மிதக்கும் தூசி, மேல்தளம் எல்லாம் அங்கே இருந்தன. வயல்வெளியில் ஒன்றுகூட இல்லை. மாவு காற்றோடு போகும். காரணத்தை முதல் முறையே சொல்லி வைத்திருந்தால் இரண்டாம் முறை மறுப்பது அநியாயமாகத் தோன்றாது.

எங்கும் செல்லும் வகைக்குப் பிரபலமான உதாரணம் ஒன்று உண்டு. தண்ணீரை உருவாக்கும் முதல் நிலை மந்திரம், திறந்த பாத்திரம் ஒன்றுக்குள் 10 காலன் வரை சுத்தமான நீரைக் கொண்டுவரும். "எதிரியின் நுரையீரலும் திறந்த பாத்திரம்தானே? வாய் திறந்துதானே இருக்கிறது?" என்று ஒருவர் கேட்பார். முதல் முறை கேட்கும்போது மேசையே சிரிக்கும். ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்: மூச்சு விடும் எதையும் முதல் நிலை மந்திரம் கொன்றுவிடும். அதே புத்தகத்தில் பவர் வேர்ட் கில் என்ற ஒன்பதாம் நிலை மந்திரம் இருக்கிறது. உச்ச நிலை மந்திரவாதிக்கு மட்டுமே கைவருவது. அதுவும் 100 உயிர்ப்புள்ளிக்கு மேல் உள்ளவரைக் கொல்லாது. நுரையீரல் வாதம் ஜெயித்த அன்றே அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம். அதோடு, எதிரி மந்திரவாதிகளுக்கும் நுரையீரல் வாதம் தெரியும் என்று டிஎம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாதாடியவரே பின்வாங்கிவிடுவார்.

பகடையால் கொல்லப்படும் யோசனைகள்

டிஎம் மறுப்பதால் சாகும் யோசனைகள் கொஞ்சம்தான். "சரி, செய்" என்று சொல்லியே சாகடிக்கப்படுபவை அதிகம். ஓர் ஆட்டக்காரர் மேசைமேல் தாவி, சரவிளக்கின் கயிற்றைப் பிடித்து, ஊஞ்சலாடிப் போய் எதிரியை உதைக்க நினைக்கிறார். டிஎம் தாவலுக்கு ஒரு பகடை கேட்கிறார், கயிற்றைப் பிடிக்க ஒன்று, ஆட ஒன்று, உதைக்க ஒன்று. திறன் எண் 5, இலக்கு எண் 15 என்றால் ஒவ்வொன்றிலும் வெற்றி வாய்ப்பு 55 சதவீதம். நான்கும் ஜெயிக்க வாய்ப்பு 9 சதவீதம். பக்கத்தில் நின்று வாளை வீசியிருந்தால் ஒரே பகடை, அதே 55. இரண்டு வாரத்தில் அவர் கற்றுக்கொண்டுவிடுவார். பிறகு வாயிலிருந்து வருவதெல்லாம் "அட்டாக் பண்றேன்" மட்டும்தான்.

மாற்று எளிது: முழுத் திட்டத்துக்கும் ஒரே பகடை. யோசனை நன்றாக இருந்தால் ஐந்தாம் பதிப்பின் 'அட்வான்டேஜ்' விதியைக் கொடுக்கலாம்; இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்வது. 55 சதவீதம் ஏறக்குறைய 80 ஆகிவிடும்.

2008இல் வந்த நான்காம் பதிப்பு, கட்டம் எண்ணி ஆட வைக்கிறது, கற்பனைக்கு இடமில்லை என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆனால் அதன் டிஎம் நூலின் 42ஆம் பக்கத்தில், விதியில் இல்லாத செயல்களுக்கு எந்த நிலையில் என்ன இலக்கு எண், எவ்வளவு சேதம் என்று ஓர் அட்டவணை இருந்தது. அதிலுள்ள உதாரணமே சரவிளக்கில் ஊஞ்சலாடுவதுதான். கற்பனைக்கு அந்தப் பக்கத்தைவிடக் கைகொடுத்த விதி டி அண்ட் டி நூல்களில் குறைவு என்பது என் எண்ணம்.

பேரத்தையே விதியாக்கியவர்கள்

வேறு சில விளையாட்டுகள் இந்த இழுபறியை விதிக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டில் இரண்டு ஆறு முகப் பகடை. 10 அல்லது அதற்கு மேல் முழு வெற்றி, 7 முதல் 9 வரை வெற்றிதான், ஆனால் ஒரு விலை உண்டு, 6 அல்லது அதற்குக் கீழே நடத்துபவர் கை ஓங்கும். கூட்டல் எதுவும் இல்லாவிட்டால் அந்த நடுப்பகுதி விழும் வாய்ப்பு சுமார் 42 சதவீதம். அதாவது ஆட்டத்தின் கணிசமான பகுதி "கிடைத்தது, ஆனால்..." என்றே நகரும். 2017இல் வந்த பிளேட்ஸ் இன் தி டார்க் இன்னும் வெளிப்படை. எந்தத் திறனைப் பயன்படுத்துவது என்பது ஆட்டக்காரர் உரிமை. ஆபத்து எவ்வளவு, பலன் எவ்வளவு என்பதை நடத்துபவர் பகடைக்கு முன்பே அறிவித்தாக வேண்டும். மாவு ஆலையில் நல்ல டிஎம் தன் மனதிலிருந்து செய்ததை இங்கே விதி செய்ய வைக்கிறது.

கணினியிலிருந்து வருபவர்கள்

ஐந்தாம் பதிப்பு விதிகளை அடிப்படையாக வைத்து 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டு, பலரை மேசைக்கு இழுத்து வந்திருக்கிறது. அதில் வெடிமருந்துப் பீப்பாய்களைச் சுமந்து வந்து, பெரிய எதிரியின் காலடியில் அடுக்கி, ஒரே பொறியில் முடித்துவிடுவது பிரபலமான தந்திரம். கணினி மறுக்காது. அங்கே விதியும் இயற்பியலும் ஒன்றேதான், மென்பொருள் அனுமதித்தது எல்லாம் நியாயம், யாருடைய மாலைப்பொழுதும் கெடாது. எங்கும் செல்லும் தந்திரம் அங்கே கெட்டிக்காரத்தனம். மேசையில் அதைக் கொண்டுவந்தால் எதிரே ஒரு மனிதர் இருக்கிறார், பக்கத்தில் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

கணினி கற்றுத்தந்த இன்னொரு பழக்கம் இதற்கு நேர்மாறு. பாத்திரத் தாளில் உள்ள திறன் பட்டியல் இவர்களுக்குப் பட்டன் வரிசையாகத் தெரிகிறது. அறைக்குள் நுழைந்ததும் "பர்செப்ஷன் உருட்டட்டுமா?" என்பார்கள்; பர்செப்ஷன் என்பது கவனித்துக் கண்டுபிடிக்கும் திறன். அனுபவமுள்ள டிஎம் பகடையைத் தொட விடாமல், "எங்கே பார்க்கிறாய்?" என்று கேட்பார். "பரண்மேல, மூட்டைக்குப் பின்னால" என்று பதில் வந்து, ஒளிந்திருப்பவனும் அங்கேதான் இருக்கிறான் என்றால், அவன் அகப்பட்டுவிட்டான். உருட்ட எதுவும் இல்லை.